ஆக்சிலரேட்டரை மிதிச்சும் கார் திணறுதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, எதை முதலில் மாற்றணும்? முழு விளக்கம்

ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீங்க. இன்ஜின் சத்தம் மாறுது, ஆனா வண்டி நகர ஒரு விநாடி யோசிக்குது. சில நேரம் ரெண்டு குலுக்கல், அப்புறம் திடீர்னு ஒரு பாய்ச்சல். ஷெட்டுக்குப் போய் "அண்ணா, பிக்கப் இல்லண்ணா" என்று சொன்னால், ஒருத்தர் ஸ்பார்க் பிளக் மாத்தணும் என்பார். இன்னொருத்தர் இன்ஜெக்டர் க்ளீனிங் என்பார். மூன்றாவது ஆள் நேராக ஃபியூயல் பம்ப்பில் போய் நிற்பார்.

மூணு பேரும் பொய் சொல்லவில்லை. மூன்றுமே காரணமாக இருக்கக்கூடியவைதான். எது என்று சோதிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பழைய பார்ட் நன்றாகவே இருந்திருக்கும், பில் மட்டும் ஏறிக்கொண்டே போகும், திணறல் அப்படியே இருக்கும்.

இந்தத் திணறல் ஏன் வருகிறது, எந்த வரிசையில் சோதிக்கணும், மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது?

சிட்டி டிராஃபிக்கில் இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் நடுவில் தடுப்பு இல்லாத இரண்டு லேன் ரோட்டில் கதை வேறு.

ஒரு சின்ன கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். எதிரே வரும் லாரியும் அதே வேகம் என்றால், இடைவெளி ஒவ்வொரு விநாடியும் சுமார் 33 மீட்டர் குறைகிறது. ஓவர்டேக் செய்ய வலப்பக்கம் ஏறிய பிறகு இன்ஜின் 2 விநாடி திணறினால், 66 மீட்டர் போச்சு. அஞ்சு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. சிக்னலில் இருந்து மெயின் ரோட்டுக்குள் நுழையும்போதும், மேம்பாலத்தில் ஏறும்போதும் இதே ஆபத்துதான்.

இன்னொரு பக்கம் பணம். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய மிஸ்ஃபையரை மாதக்கணக்கில் இழுத்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அந்த ஒரு பார்ட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மிதித்தவுடன் உள்ளே என்ன நடக்குது?

இன்ஜின் ஓட மூன்று விஷயம் வேணும்: காற்று, எரிபொருள், தீப்பொறி. மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் வரணும். பெட்ரோல் இன்ஜினில் 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை.

இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் இல்லை. பெடலில் இருக்கும் சென்சார், "இவ்வளவு மிதிச்சிருக்காங்க" என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு-வுக்குச் சொல்கிறது. இசியு ஒரு சின்ன மோட்டார் மூலம் த்ராட்டில் பாடியின் கதவைத் திறக்கிறது. உள்ளே வரும் காற்றை இன்னொரு சென்சார் கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கை வைத்து இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், ஸ்பார்க் எப்போது அடிக்கணும் என்று முடிவாகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. கதவு திறந்ததும் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் அப்படி இல்லை. அதில் கொஞ்சம் உள்ளே போகும் பாதையின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் திடீரென்று மிதிக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் கொடுத்தாகணும். கார்ப்யூரேட்டர் காலத்தில் இதற்கென்றே ஒரு குட்டி பம்ப் இருந்தது. இப்போது அந்த வேலையை இசியு பார்க்கிறது.

அதாவது, சும்மா நிற்கும்போதும் ஒரே வேகத்தில் போகும்போதும் மறைந்திருக்கும் குறை, மிதிக்கும் அந்த நொடியில்தான் மாட்டிக்கொள்ளும். பலவீனமான பம்ப், தேய்ந்த பிளக், தப்பாகக் கணக்குச் சொல்லும் சென்சார் எல்லாமே அந்த நொடியில் வெளியே வந்துவிடும்.

முதல்ல, இது கோளாறுதானா?

கீழே உள்ளவை கோளாறு இல்லாமலும் வரலாம். செலவு செய்யும் முன் இவற்றைக் கழித்துவிடுங்கள்.

* டர்போ தாமதம்: டர்போ இன்ஜினில் குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்தால், டர்போ சுழன்று வேகம் பிடிக்க சிறிது நேரம் ஆகும். வண்டி வாங்கிய நாளில் இருந்தே அப்படித்தான் என்றால் அது அதன் குணம்.
* ஏஎம்டி கியர்: கியர் மாறும்போது வரும் தலையசைப்பு இன்ஜின் திணறல் இல்லை. கிளட்ச்சை இயந்திரமே விட்டுப் பிடிப்பதால் வருவது.
* தப்பான கியர்: நாலாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டு முழுசாக மிதித்தால் எந்த இன்ஜினும் முனகத்தான் செய்யும்.
* மலை: ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட சுமார் 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இறங்கினதும் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம்.
* ஏசி: சின்ன இன்ஜினில் நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி என்றால் இழுவை குறைவது சகஜம்.
* கிளட்ச்: ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறுது, வேகம் மட்டும் ஏறலை என்றால் இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது, கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம். இந்த நிலையில் இன்ஜினில் கைவைப்பது வீண் செலவு.

நேற்று வரை நன்றாக இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை என்றால், அல்லது குலுங்குது, அணைந்து போகுது என்றால், அது கோளாறுதான்.

எப்போ வருது? பாதி விடை இதிலேயே இருக்கு

ஒரு வாரம் கவனித்து மொபைலில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எப்படி மருந்து எழுத முடியாதோ, மெக்கானிக்கிடம் "பிக்கப் இல்லை" என்பதும் அப்படித்தான்.

* நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது மட்டும்: த்ராட்டில் பாடியில் கார்பன், பெடல் சென்சார், காற்று கசிவு.
* வேகம் கூடும்போது, மேடு ஏறும்போது, 80 கி.மீ.க்கு மேல் மூச்சு வாங்குவது: எரிபொருள் அழுத்தம் குறைவு, அடைத்த ஃபில்டர், அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.
* சீராக இல்லாமல் வெட்டி வெட்டி இழுப்பது, இன்ஜின் குலுங்குவது: ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில்.
* காலையில் முதல் சில நிமிடம் மட்டும்: டெம்பரேச்சர் சென்சார், இன்டேக் பாதையில் கார்பன், காற்று கசிவு.
* வண்டி நல்லா சூடான பிறகு மட்டும்: சூட்டில் மயங்கும் காயில், சென்சார், ஃபியூயல் பம்ப்.
* மழைக்கு அல்லது வாட்டர் வாஷுக்கு மறுநாள்: காயில், பிளக் குழியில் ஈரம்.
* பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் ஆரம்பித்தது: எரிபொருளில் தண்ணீர் அல்லது கலப்படம்.
* சில நாள் நிறுத்தி வைத்து எடுத்த பிறகு: எலி. சிரிக்க வேண்டாம், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சென்சார் ஒயரைக் கடிப்பதும், ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு கட்டுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

ஸ்கேன் பண்ணுங்க, ஆனா கோடை மட்டும் நம்பாதீங்க

2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். அதில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கிறது. மொபைல் ஆப்பில் இணைத்தால் இசியு பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கலாம். டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரியாவிட்டாலும் நிலுவையில் ஒரு கோட் இருக்க வாய்ப்பு உண்டு.

திணறலோடு அடிக்கடி வரும் சில கோடுகள்:

* பி0300: எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபையர். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே தொடரும்.
* பி0171: காற்று அதிகம், எரிபொருள் குறைவு.
* பி0101, பி0106: காற்றைக் கணக்கிடும் சென்சார்களின் அளவு பொருந்தவில்லை.
* பி0121, பி2138: த்ராட்டில் அல்லது பெடல் சென்சாரின் சிக்னலில் முரண்பாடு.
* பி0087: எரிபொருள் அழுத்தம் குறைவு.
* பி0420: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கோட் என்பது அறிகுறி, தீர்ப்பு அல்ல. பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். ஒரு ரப்பர் ஓஸ் வெடித்து அளக்கப்படாத காற்று உள்ளே போயிருக்கலாம், அல்லது பம்ப் பலவீனமாக இருக்கலாம். செய்தி கொண்டு வந்தவரைத் தண்டித்து என்ன பயன்?

அதே ஆப்பில் "லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்" என்று ஒரு எண் இருக்கும். இசியு தன் கணக்கை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பதன் சதவீதம் அது. பொதுவாகக் கூட்டல், கழித்தல் 10-க்குள் இருந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டிக் கூட்டலில் நின்றால், இன்ஜின் எரிபொருளுக்கு ஏங்குகிறது என்று பொருள். சும்மா நிற்கும்போது அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் காற்று கசிவைத் தேடுங்கள். தலைகீழாக, வேகம் கூடக் கூட இதுவும் கூடினால் பம்ப், ஃபில்டர், காற்று சென்சார் பக்கம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோடை போட்டோ எடுக்காமல் அழிக்காதீர்கள். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எவ்வளவு இருந்தது என்ற பதிவும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதிதான்.

எந்த வரிசையில் சோதிக்கணும்?

விதி ரொம்ப சிம்பிள். செலவில்லாததில் ஆரம்பித்து செலவுள்ளதில் முடிக்கணும்.

1. கண்ணால் பார்ப்பது

இன்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றுங்கள். ஃபில்டர் கருத்துப் போயிருந்தால் மாற்றுங்கள், விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். செம்மண் ரோட்டிலும் கட்டுமானம் நடக்கும் ஏரியாவிலும் ஓடும் வண்டிக்கு மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே இது அடைத்துவிடும். அங்கிருந்து இன்ஜினுக்குப் போகும் பெரிய ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கா, கிளாம்ப் லூஸா, சின்ன ஓஸ்கள் ஏதாவது கழன்றிருக்கா, ஒயரில் பல் தடம் இருக்கா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது "ஸ்ஸ்..." என்ற சத்தம் கேட்டாலோ, ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி நின்றாலோ காற்று கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜின் மேல் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்கும் பழக்கம் சில ஷெட்களில் இருக்கு. வீட்டில் அதை முயற்சிக்காதீர்கள், தீ பிடிக்கும். புகை விட்டுச் சோதிக்கும் மெஷின் உள்ள இடத்தில் பார்ப்பதே பாதுகாப்பு.

2. ஸ்பார்க் பிளக், காயில்

சாதாரண நிக்கல் பிளக்குகளுக்கு 30,000 முதல் 40,000 கி.மீ. வரைதான் ஆயுள் என்பது பொதுவான கணக்கு. இரிடியம் பிளக் 1 லட்சம் கி.மீ. வரைகூடப் போகும். உங்கள் காருக்கு எது, எப்போது என்பது மேனுவலில் இருக்கும். கழற்றிய பிளக்கின் முனை லேசான பழுப்பாக இருந்தால் நல்லது. மசி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் கசிகிறது. வெள்ளையாக வெந்து போயிருந்தால் எரிபொருள் போதவில்லை அல்லது சூடு அதிகம்.

காயில் கெட்டதா என்று ஒரு ரூபாய் செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதை இரண்டாவதற்கும் மாற்றிப் போடணும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கணும். இப்போது பி0303 வந்தால், கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. குற்றவாளி காயில்தான். மறுபடியும் பி0302-வே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர், வால்வு, கம்ப்ரஷன் என்று போகணும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள கார்களில் இது நன்றாக வேலை செய்யும். நாலு காயிலையும் மொத்தமாக மாற்றச் சொன்னால், "ஒண்ணை இடம் மாத்திப் பார்த்தீங்களாண்ணா?" என்று கேட்கலாம்.

3. த்ராட்டில் பாடி, சென்சார்

த்ராட்டில் கதவின் ஓரத்தில் கார்பன் படிந்தால், லேசாக மிதிக்கும்போது வரும் காற்றின் அளவு தாறுமாறாகும். க்ளீனிங் செய்தால் பல வண்டிகளில் அந்த ஆரம்பத் திணறல் போய்விடும். ஆனால் மோட்டார் இயக்கும் கதவை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது, பல்சக்கரம் கெட்டுவிடும். க்ளீனிங் முடிந்ததும் பல மாடல்களில் ஸ்கேனர் மூலம் "ரீலேர்ன்" செய்யணும். அது செய்யாமல் விட்டால் ஐடிலிங் ஏறி இறங்கும், "க்ளீன் பண்ணின பிறகுதான் மோசமாச்சு" என்று தோன்றும்.

காற்றின் அளவைக் கணக்கிடும் மாஃப் சென்சார் உள்ள கார்களில், அதற்கென்றே விற்கும் க்ளீனரை மட்டும் அடிக்கணும். துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

4. எரிபொருள் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர்

சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் செய்யாமல் காதைத் தீட்டுங்கள். பின் சீட்டுக்கு அடியில் ஓரிரு விநாடி "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். அதுதான் பம்ப். சத்தம் வருவதால் மட்டும் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்கணும். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷனில் இது பொதுவாக 3 முதல் 4 பார். நின்றபடி சரியாக இருந்து, ஓட்டும்போது சரிந்தால் பம்ப் அல்லது ஃபில்டர் போதவில்லை.

இப்போதைய பல பெட்ரோல் கார்களில் ஃபில்டர் டேங்குக்கு உள்ளேயே பம்ப்போடு சேர்ந்து வருகிறது. மொத்த மாட்யூலும் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். அதனால்தான் அழுத்தம் அளக்காமல் "பம்ப் போச்சு" என்று சொல்வதை ஏற்கக் கூடாது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது.

5. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்

உள்ளே அடைத்துவிட்டால் புகை வெளியேற வழி இல்லாமல் இன்ஜின் மூச்சுத் திணறும். கிளம்பும்போது ஓரளவு சரியாக இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற அமுங்கிப் போகும். எக்ஸாஸ்ட் அழுத்தத்தை அளந்து உறுதி செய்யணும். அடைத்ததற்கு மூல காரணத்தை, பெரும்பாலும் பழைய மிஸ்ஃபையரையோ ஆயில் எரிவதையோ, சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அடைக்கும்.

டீசல் வண்டி என்றால்?

டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, அதனால் பட்டியல் மாறும். முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர். அடுத்து, ஃபில்டரில் தேங்கும் தண்ணீர். டேஷ்போர்டில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே வடிக்கணும்.

இழுவை குறைந்து கரும்புகை வந்தால் டர்போவில் இருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் வெடிப்பு, அல்லது புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் மசி அடைப்பு இருக்கலாம்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பின் டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற மசி வடிகட்டி வந்தது. அது சேர்த்து வைத்த மசியை அவ்வப்போது அதிக சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் வேணும். தினமும் ஆபீஸுக்கு 5 கி.மீ. மட்டும் ஓட்டினால் அந்த வாய்ப்பே கிடைக்காது. வடிகட்டி நிரம்பியதும் இசியு பவரைக் குறைத்துவிடும். டிபிஎஃப் விளக்கு எரிந்தவுடன் மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் 15, 20 நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அலட்சியமாக விட்டால் சர்வீஸ் சென்டர்தான் கதி.

சிஎன்ஜி ஓட்டுறவங்களுக்கு ஒரு ஷார்ட்கட்

உங்களிடம் இலவசமாக ஒரு சோதனைக் கருவி இருக்கு: அந்த சுவிட்ச். சிஎன்ஜியில் திணறும்போது பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் சரியாக ஓடினால் முதலில் கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஸ் இன்ஜெக்டரைச் சோதிக்கணும். இரண்டிலும் திணறினால் பொதுவான பாகங்களான பிளக், காயில், த்ராட்டில். ஒரு விஷயம் கவனத்தில் வையுங்கள்: சிஎன்ஜி கலவையைப் பற்ற வைக்க வலுவான ஸ்பார்க் தேவை. அதனால் தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிட்டு, சிஎன்ஜியில் மாட்டிக்கொள்ளும்.

எல்லாத்துக்கும் இ20 பெட்ரோல்தான் காரணமா?

வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது எந்தக் கோளாறுக்கும் இதுதான் பதில். உண்மை அவ்வளவு நேரானது இல்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இ20. 2030-க்கு வைத்திருந்த இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025-லேயே நாடு 20 சதவீதக் கலப்பை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே மைலேஜ் குறைவது இயற்பியல். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டது.

ஆனால் திணறல் வேறு விஷயம். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து இசியு கூடுதல் எரிபொருள் கொடுத்துச் சமாளிக்கும். ஏற்கெனவே பம்ப் தளர்ந்து, இன்ஜெக்டர் பாதி அடைத்த வண்டியில் அந்தக் கூடுதல் அளவைக் கொடுக்க முடியாது. அங்கே திணறல் வரும். இ20 பல நேரம் குறையை உண்டாக்குவதில்லை, மறைந்திருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பவும் செய்யும். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்களை மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமும் சொன்னது. உங்கள் காருக்கு எந்த அளவு கலப்பு ஏற்றது என்பது மேனுவலிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ இருக்கும்.

உண்மையான ஆபத்து தண்ணீர். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ரொம்பப் பிடிக்கும். டேங்கில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். வண்டி முக்கும், அணையும். கனமழைக்குப் பிறகு பெட்ரோல் போட்டு, சில கிலோமீட்டரிலேயே திணறினால் இந்தச் சந்தேகம் வரணும். டேங்கைக் காலி செய்வதுதான் தீர்வு, மேலே புதுப் பெட்ரோல் ஊற்றுவது அல்ல.

பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும், அடர்த்தி சோதனையும் கேட்பது உங்கள் உரிமை. ஒரு சொட்டு பெட்ரோல் பேப்பரில் கறை விடாமல் சுமார் 2 நிமிடத்தில் ஆவியாகணும். கறை நின்றால் கலப்படச் சந்தேகம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஷெட்டில் என்ன பேசணும்?

"பிக்கப் இல்லண்ணா" என்பதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூணாவது கியர்ல, 2,000 ஆர்பிஎம்ல இருந்து மிதிச்சா வெட்டுது. வண்டி சூடானதும்தான் வருது. ரெண்டு வாரமா இருக்கு. பி0302 கோட் வந்துச்சு, போட்டோ இருக்கு. பிளக் மாத்தி 45,000 கிலோமீட்டர் ஆச்சு."

இப்படிப் பேசினால் மெக்கானிக் நேராக இடத்துக்குப் போவார். அவருக்கும் நேரம் மிச்சம். கூடவே மூன்று விஷயம்:

* திணறல் வரும் அதே நிலைமையில் அவரையும் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள்.
* எந்தப் பார்ட்டை மாற்றச் சொன்னாலும், "எந்த சோதனைல இது கெட்டதுன்னு தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். அழுத்தம் இவ்வளவு, காயில் மாற்றியதும் கோட் நகர்ந்தது என்று பதில் வரணும். "எல்லா வண்டிலயும் இதான் போகும்" என்பது பதில் இல்லை.
* கழற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். வாரன்ட்டியில் மாற்றியதாக இருந்தால் தவிர, அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு சர்வீஸிலும் "இன்ஜின் டீகார்பனைசிங்", "இன்ஜெக்டர் க்ளீனிங்" என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்ந்திருக்கும். குறை இல்லாத இன்ஜினுக்கு அதை வழக்கமாகச் செய்ய அவசியம் இல்லை. மேனுவலின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எப்போ வண்டியை ஓட்டவே கூடாது?

* செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால்: கடுமையான மிஸ்ஃபையர். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். ஷெட்டுக்கு டோ செய்வது கன்வெர்ட்டர் வாங்குவதைவிட ரொம்ப மலிவு. நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் போய் விரைவில் காட்டலாம்.
* பெட்ரோல் வாடை வந்தால்: இன்ஜினை அணைத்து, இறங்கி விலகி நில்லுங்கள்.
* ஓடும்போதே இன்ஜின் அணைந்தால்: பிரேக், ஸ்டீயரிங் இரண்டும் கனமாகிவிடும். ஒரு தடவை நடந்தாலே அடுத்த பயணம் ஷெட்டுக்குத்தான்.
* வேகம் ஏறாமல் ஒரே அளவில் மாட்டிக்கொண்டால்: இசியு தற்காப்புக்காக பவரைக் குறைத்திருக்கலாம். அணைத்து ஸ்டார்ட் செய்ததும் சரியானாலும், காரணம் உள்ளேயே இருக்கிறது.

சரிசெய்து முடிக்கும் வரை இரண்டு லேன் ரோட்டில் ஓவர்டேக்கை மறந்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கோட் அழித்து, குறைந்தது ஒரு வாரம் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நிலுவையில் எதுவும் இல்லை, ஃபியூயல் ட்ரிம் 10-க்குள் வந்துவிட்டது, முன்பு திணறிய அதே மேட்டில் இப்போது தடங்கல் இல்லாமல் ஏறுகிறது என்றால் வேலை முடிந்தது. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், பில்லோடு திரும்பப் போய்க் கேளுங்கள்.